வேலியா, கண்காணிப்பா, நீச்சலா, லைஃப் ஜாக்கெட்டா: எந்த வயதில் எதை முன்னால் வைப்பது?

வெயில் ஏற ஏறப் பிள்ளைகளின் கால்கள் தண்ணீரைத் தேடிப் போகின்றன. அப்போது பெற்றோர் முன் வந்து நிற்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: நீச்சல் வகுப்பில் சேர்த்துவிடுவதா, லைஃப் ஜாக்கெட் வாங்கிக் கொடுப்பதா, தண்ணீரைச் சுற்றி வேலி போடுவதா, அல்லது கூடவே போய்க் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதா? நேரமும் பணமும் கவனமும் அளவாகவே இருப்பதால், இவற்றில் ஏதேனும் ஒன்றைச் செய்துவிட்டு, இனிப் பயமில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர்; அவர்களில் ஏறக்குறையக் கால் பங்கினர் ஐந்து வயது நிறையாத குழந்தைகள். அந்தச் சிறு குழந்தைகளுக்கும், நண்பர்களோடு ஆற்றில் குதிக்கும் பதினைந்து வயதினருக்கும் ஒரே பாதுகாப்பு பொருந்தும் என்று எண்ணுவதில்தான் பிழை தொடங்குகிறது. ஒவ்வொரு வழியும் விபத்தின் வெவ்வேறு கணத்தைத் தடுக்கிறது. நம் பிள்ளைக்கு ஆபத்தான கணம் எது என்று முதலில் தெரிந்துகொண்டால், எதற்கு முன்னுரிமை கொடுப்பது என்பது ஓரளவு தானாகவே விளங்கிவிடும்.

கண்காணிப்பிலிருந்து தொடங்குகிறேன்; செலவில்லாதது என்பதால் எல்லோரும் இதையே நம்பியிருக்கிறோம். மூழ்குகிறவர் கையை உயர்த்தி அசைப்பார், கூச்சலிடுவார், தண்ணீரை அடித்துக்கொண்டு தத்தளிப்பார் என்ற எண்ணம் நம்மிடம் ஆழப் பதிந்திருக்கிறது. கடற்கரையில் நடந்த உண்மையான மீட்புகளைப் படம்பிடித்து ஆராய்ந்த அமெரிக்க உயிர்காப்பாளர் ஃபிராங்க் பியா கண்டது இதற்கு நேர்மாறானது. மூழ்குகிறவரின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே வருவதும் அமிழ்வதுமாக இருக்கிறது; மேலே வரும் அந்த நொடி மூச்சை விட்டு இழுக்கவே போதாது என்பதால் குரல் எழும்புவதில்லை. கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்துகின்றன. யாரையும் நோக்கி அசைக்க அவை அவர் வசத்தில் இல்லை. உடல் நிமிர்ந்து நிற்கும், கால்கள் உதைக்காது. இந்த நிலை 20 முதல் 60 வினாடிகள் வரை நீடிக்கலாம். அதன்பின் அவர் நீருக்குள் போய்விடுவார்.

ஒருமுறை நீச்சல் குளத்தின் ஓரத்தில் உறவினர் ஒருவரோடு அமர்ந்திருந்தபோது இதை நேரில் பார்த்தேன். பிடித்திருந்த மிதவைப் பலகை நழுவிப்போன அவருடைய ஆறு வயது மகள், தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, கூரையைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டிருந்தாள். தாய் அவளை நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீரில் இருந்த வேறொருவர் அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிய பிறகு, அவள் இருமத் தொடங்கிய பிறகுதான், எங்கள் இருவருக்கும் நடந்தது புரிந்தது. கண்கள் அவள்மீது இருந்தும், எதைத் தேட வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆகவே கண்காணிப்பு என்றால், நீந்தத் தெரியாத பிள்ளையிடமிருந்து கை நீட்டினால் தொடும் தூரத்துக்குள், முடிந்தால் தண்ணீருக்குள்ளேயே, ஒரு பெரியவர் இருப்பது என்று பொருள்கொள்ள வேண்டும். பத்துப் பெரியவர்கள் சூழ்ந்திருக்கும் விருந்தில் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று எல்லோரும் இருந்துவிடுவதால், கால் மணி நேரத்துக்கு ஒருவர் என்று பொறுப்பை வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்வது நல்லது. அந்தக் கால் மணி நேரத்தில் கைபேசியும் மதுவும் அவர் கையில் இருக்கக் கூடாது. இவ்வளவு செய்தாலும் கண்காணிப்புக்கு ஓர் அடிப்படைக் குறை உண்டு. பிள்ளை தண்ணீருக்கு அருகில் இருக்கிறது என்று நமக்குத் தெரிந்தால்தான் அது வேலை செய்யும். சின்னஞ்சிறு குழந்தைகள் மூழ்கும் நேர்வுகளில் பல, குளிக்கும் நேரத்திலோ நீந்தும் நேரத்திலோ நிகழ்வதில்லை. குழந்தை அறைக்குள் விளையாடிக்கொண்டிருக்கிறது என்று பெரியவர்கள் நினைத்திருக்கும் சில நிமிடங்களில் நிகழ்கின்றன. நினைக்காத நேரத்தில் யாரும் கண்காணிக்க முடியாது என்பதால், அந்த வயதுக்குத் தடுப்பே முதலிடம் பெறுகிறது.

தடுப்பு என்றதும் பலருக்கும் நீச்சல் குள வேலி நினைவுக்கு வரும். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது குளியலறை வாளி. பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும் பருவத்தில் குழந்தையின் தலை உடலோடு ஒப்பிடும்போது மிகவும் கனமானது. வாளியின் விளிம்பைப் பற்றி உள்ளே எட்டிப் பார்க்கும்போது, அந்தக் கனம் விளிம்பைத் தாண்டியதும் குழந்தை தலைகுப்புறக் கவிழ்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீரின் எடையால் வாளி சாய்ந்து கொடுப்பதில்லை. கைகளை ஊன்றி உடலை வெளியே தள்ளும் வலு அந்தத் தோள்களில் இன்னும் வரவில்லை. மூக்கும் வாயும் மூடும் அளவுக்கு, அதாவது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் இருந்தாலே போதும். வேலை முடிந்த கையோடு வாளியைக் கவிழ்ப்பது, தொட்டிக்குக் கனமான மூடி போடுவது, குளியலறைக் கதவை வெளியே தாழிடுவது, காற்றடைத்த விளையாட்டுக் குளத்தை ஆட்டம் முடிந்ததும் கவிழ்த்து வைப்பது ஆகிய எதற்கும் பணம் தேவையில்லை என்பதால், கடையில் எதையும் வாங்குவதற்கு முன் இவற்றைச் செய்துவிடலாம். குளிப்பாட்டும்போது குழந்தையை உட்காரவைக்கும் பிளாஸ்டிக் இருக்கை பாதுகாப்புச் சாதனமே அல்ல. அது கவிழும், குழந்தை அதிலிருந்து வழுக்கியும் இறங்கும்.

வீட்டு நீச்சல் குளத்துக்கு வருவோம். 2003ஆம் ஆண்டு ஜனவரியில் இயற்றப்பட்ட பிரெஞ்சுச் சட்டம், தரையில் பதித்த தனியார் குளங்களின் உரிமையாளர்கள் வேலி, மூடி, எச்சரிக்கை மணி, முழுக் கூரைக் கூண்டு ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்றை அமைத்தால் போதும் என்கிறது. சட்டத்துக்கு நான்கும் சமம். குழந்தைக்குச் சமமல்ல என்பது என் எண்ணம். எச்சரிக்கை மணி குழந்தை விழுந்த பிறகே ஒலிக்கிறது. கேட்கும் தூரத்தில் யாரும் இல்லாவிட்டால் அதனால் பயனில்லை. மூடி, ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் நினைவாக மூடுவதைப் பொறுத்தது. பாதி மூடிய மூடியோ, மேலே மழைநீர் தேங்கிய மூடியோ புதிய ஆபத்தாகவும் ஆகலாம். யாரும் நினைவில் வைக்காத நாளிலும் வேலை செய்வது வேலிதான். அதிலும் குளத்தின் நான்கு பக்கங்களையும் சுற்றி வரும் வேலிக்கும், மூன்று பக்கம் வேலியும் நான்காவது பக்கம் வீட்டுச் சுவருமாக அமைவதற்கும் வேறுபாடு பெரிது. பின்னதில் வீட்டின் பின்கதவே குளத்தின் வாயிலாகிவிடுகிறது. முன்னதே குழந்தைகளைக் கூடுதலாகக் காக்கிறது என்பதை பல மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 1998இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு காட்டியது.

குறைந்தது 1.2 மீட்டர் உயரம், கம்பிகளுக்கிடையே 10 சென்டிமீட்டருக்கு மேற்படாத இடைவெளி, தானே மூடித் தானே தாழிட்டுக்கொள்ளும் கதவு ஆகியவை வேலியின் இலக்கணம். இவற்றில் பழுதாவது பெரும்பாலும் கதவுதான். கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, தள்ளாமல் கையை விட்டுப் பாருங்கள். தாழ்ப்பாள் விழும் ஓசை தானாகக் கேட்க வேண்டும். துருவேறிய கீலும், தரை இறங்கியதால் சாய்ந்துபோன தூணும் அந்த ஓசையை நிறுத்திவிடும். வேலியை ஒட்டிக் கிடக்கும் ஒரு நாற்காலியோ பூத்தொட்டியோ உயரத்தைப் பாதியாக்கிவிடும். போக வர எளிதாக இருக்கட்டும் என்று கதவுக்கு முட்டுக்கொடுத்த செங்கலோ வேலியையே இல்லாமல் ஆக்கிவிடும்.

குளமும் ஆறும் வாய்க்காலும் சூழ்ந்த இடத்தில் ஊருக்கே வேலி போட முடியாது. அத்தகைய இடத்தில் தண்ணீரை விட்டுக் குழந்தையைத் தடுத்து வைப்பதே நடைமுறைக்கு ஏற்றது. வங்கதேசக் கிராமங்களில் தாய்மார் வேலையில் மூழ்கியிருக்கும் காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை சிறு குழந்தைகளை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மையங்கள் நடத்தப்பட்டு, அங்கே வந்த குழந்தைகளிடையே மூழ்கல் இறப்பு பெருமளவு குறைந்தது. வீட்டு வாசலில் ஏற முடியாத சிறு தடுப்புக் கதவு பொருத்துவதும் இதே சிந்தனையின் சிறிய வடிவம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் ஒன்றே ஒன்றுக்குத்தான் வசதி உண்டு என்றால், நான் தடுப்பையே தேர்ந்தெடுப்பேன்.

நீச்சல் வகுப்பைப் பற்றிய மருத்துவர்களின் நிலைப்பாடு மாறி வந்திருக்கிறது. நான்கு வயதுக்கு முன் முறையான வகுப்பைப் பரிந்துரைக்காமல் இருந்த அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், 2010இல் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அதற்கு முந்தைய ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் வகுப்புக்குச் சென்றோருக்கு மூழ்கும் அபாயம் 88 சதவீதம் குறைவாக இருந்ததைக் கண்டது. எண் கவர்ச்சியானதுதான், ஆனால் ஆராயப்பட்டோர் எண்ணிக்கை சிறியது, உண்மையான பயன் இதைவிட மிகக் குறைவாகவும் இருக்கக்கூடும். ஒரு வயது நிறையாத குழந்தைகளுக்கு நடத்தப்படும் 'நீச்சல் வகுப்பு' தாய்க்கும் சேய்க்கும் நல்ல பொழுதுபோக்கு என்பதற்கு மேல், மூழ்காமல் காக்கும் என்பதற்குச் சான்றில்லை. உலக சுகாதார நிறுவனம் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலோடு, பாதுகாப்பாக மீட்கும் முறையையும் கற்பிக்கச் சொல்கிறது. பள்ளி வயதில் இதுவே முதலிடத்துக்கு உரியது என்பதில் எனக்கும் ஐயமில்லை.

ஆனால் எந்த வகுப்பு? அழகாக நீந்தக் கற்றுத்தரும் வகுப்பும், பிழைத்துக்கொள்ளக் கற்றுத்தரும் வகுப்பும் ஒன்றல்ல. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் நீர்த்திறனுக்கு அளவுகோலாக ஐந்தைச் சொல்கிறது: தலைக்கு மேல் ஆழமுள்ள நீரில் இறங்கி மீண்டும் மேலே வருவது, ஒரு நிமிடம் மிதப்பது அல்லது நின்ற நிலையில் நீந்துவது, ஒரு முழுச்சுற்றுத் திரும்பி வெளியேறும் வழியைக் கண்டுகொள்வது, ஏறத்தாழ 23 மீட்டர் நீந்தி அங்கே போய்ச் சேர்வது, ஏணி இல்லாமல் கரையேறுவது. இந்தக் கடைசித் திறனில் தடுமாறும் பிள்ளைகள் பலர். கைகளை ஊன்றி உடலைத் தூக்கிக் கரையில் போடுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். நெதர்லாந்தில் நீச்சல் சான்றிதழ் தேர்வில் பிள்ளைகள் உடையோடும் காலணியோடும் நீந்திக் காட்ட வேண்டும், ஏனெனில் தவறி விழுகிறவர் நீச்சலுடையில் விழுவதில்லை. நீங்கள் சேர்க்க நினைக்கும் வகுப்பில் மல்லாந்து மிதப்பதும் உடையோடு நீந்துவதும் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் வேறு வகுப்பைத் தேடலாம். பாடம் தொடங்கிய சில வாரங்களில் பிள்ளையின் துணிச்சல் திறமையைவிட வேகமாக வளர்ந்துவிடும், பெற்றோரின் பயமோ அதைவிட வேகமாகத் தேய்ந்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மிதவைகளில் தேர்வு எளிது. கையில் மாட்டும் காற்றுப் பட்டையும் இடுப்பு வளையமும் விளையாட்டுப் பொருள்கள். நழுவும், காற்று இறங்கும், பிள்ளைக்கு நிமிர்ந்து நிற்கும் தவறான பழக்கத்தையும் ஊட்டும். லைஃப் ஜாக்கெட்டில் அதன் மிதப்பு விசை நியூட்டன் அளவில் அச்சிடப்பட்டிருக்கும். 50 என்றிருப்பது நீந்தத் தெரிந்தவர்க்கு உதவியாக அணிவது. நீந்தத் தெரியாத பிள்ளைக்கு, முகத்தை மேல்நோக்கித் திருப்பி வைக்கும்படி அமைந்த 100 அல்லது அதற்கு மேற்பட்டது வேண்டும். கடையிலேயே அணிவித்து, தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரிது. வளர்ந்தாலும் ஆகும் என்று ஒரு சுற்றுப் பெரிதாக வாங்கும் சிக்கனம் சட்டைக்குச் சரி, இதற்கு ஆகாது. சிறு பிள்ளைகளுக்குக் கால்களுக்கிடையே வரும் பட்டை அவசியம். படகில் ஏறும் எவருக்கும், நன்றாக நீந்தும் பிள்ளைக்கும்கூட, லைஃப் ஜாக்கெட் வேண்டும். நீச்சலுடையின் நிறத்தையும் கவனிக்கலாம்: வெளிர்நீலமும் வெள்ளையும் நீருக்குள் மறைந்துவிடும்; பளிச்சிடும் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் தெரியும்.

பதின்ம வயதினரிடம் கணக்கு முழுவதும் மாறுகிறது. இவர்களுக்கு வேலி தடையல்ல, தொடும் தூரத்தில் பெற்றோர் நிற்பதை ஏற்கவும் மாட்டார்கள், பலருக்கு நீந்தவும் தெரியும். இவர்கள் இறப்பது பெரும்பாலும் இயற்கை நீர்நிலைகளில். இறப்போரில் ஆண் பிள்ளைகளே மிகுதி. ஆகவே இங்கே ஒப்பிட வேண்டியது இடங்களையும் துணையையும். உயிர்காப்பாளர் பணியில் இருக்கும் நீச்சல் குளமே மற்ற எல்லாவற்றையும்விட மேல். அடுத்தது, உயிர்காப்பாளர் கொடி நட்டு எல்லை காட்டிய கடற்கரை. அங்கும் கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் உண்டு. அது சில வேளை வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் பாயும் என்பதால் ஒலிம்பிக் வீரராலும் அதை எதிர்த்து நீந்த முடியாது. மிதந்து வலுவைக் காத்து, கையசைத்து உதவி கேட்டு, முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி நீரோட்டத்திலிருந்து விலக வேண்டும் என்பது பிள்ளைக்குப் போவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஆறும் தடுப்பணையும் கல்குவாரிக் குட்டையும் பட்டியலின் கடைசியில் வருபவை. தடுப்பணையின் கீழே விழும் நீர் தன்னைத்தானே சுற்றிச் சுழன்று, ஒருமுறை உள்ளே போனவரை மீண்டும் மீண்டும் அணையை நோக்கியே இழுக்கும்; மேலிருந்து பார்த்தால் அது வெறும் நுரையாகத் தெரிவதுதான் கொடுமை. குவாரியின் விளிம்பு இரண்டடி ஆழத்திலிருந்து சட்டென்று பாதாளமாகிவிடும். ஏறுவதற்குப் படியோ சரிவோ இராது. வெயில் கொளுத்தும் நாளிலும் ஆழமான நீரின் அடிப்பகுதி குளிர்ந்தே இருக்கும். 15 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்த நீரில் திடீரென்று குதிக்கும் உடல், தன்னையறியாமல் பெருமூச்சை இழுக்கிறது. அந்த மூச்சு நீருக்குள் நிகழ்ந்தால் நீச்சல் வீரரும் தப்ப மாட்டார். பிரிட்டனின் கடல் மீட்பு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ. இதற்காகவே, நீந்த முயலாமல் தலையைப் பின்னால் சாய்த்து, காதுகள் நீரில் அமிழ மல்லாந்து மிதந்து, மூச்சு சீரான பிறகே அடுத்ததை எண்ணும்படி கற்பிக்கிறது.

நன்றாக நீந்தும் பிள்ளைகளையே பிடிக்கும் ஆபத்து ஒன்று உண்டு. யார் அதிக நேரம் நீருக்கடியில் இருப்பது என்ற போட்டிக்கு முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுப்பார்கள். மூச்சுவிடத் தூண்டுவது இரத்தத்தில் சேரும் கரியமில வாயுதான். வேக மூச்சு அதை வெளியேற்றிவிடுவதால், ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருக்கும்போதும் மேலே வரவேண்டும் என்ற உந்துதல் எழுவதில்லை. எந்த எச்சரிக்கையும் இன்றி நினைவு தப்புகிறது. மேலே இருப்பவர்கள் அவன் வெல்கிறான் என்றே நினைத்திருப்பார்கள்.

ஆற்றுக்கே போகாதே என்று தடை விதிப்பதா, விதிகளோடு அனுப்புவதா? முழுத் தடை, சொல்லாமல் போவதற்கும் இன்னும் ஒதுக்குப்புறமான இடத்தைத் தேடுவதற்கும் வழிவகுக்கும் என்பதே என் கணிப்பு. தடுப்பணை, குவாரி, மது ஆகிய மூன்றுக்கும் விலக்கில்லாத தடை. மற்ற இடங்களுக்கு, எங்கே யாரோடு என்று சொல்லிவிட்டு, ஆழம் தெரியாத நீரில் தலைகீழாகப் பாயாமல், தனியாக இறங்காமல் போய்வரும் உரிமை என்று பேசி முடிப்பது நடக்கக்கூடிய உடன்பாடு. கூடவே ஒரு பாடமும் வேண்டும்: நண்பன் மூழ்கினால் குதிக்காதே. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறப்பது அடிக்கடி நிகழ்கிறது. கழியை நீட்டலாம், கயிற்றை வீசலாம், மூடியை இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேனை எறியலாம்.

இந்த வயதினருக்கு இரண்டு விடுமுறை நாள்களில் ஒரு பயிற்சி கொடுக்க முடியுமானால், கூடுதல் நீச்சல் பயிற்சியைவிட உயிர்மீட்பு முதலுதவிப் பயிற்சியையே நான் தேர்வேன். மூழ்கியவரின் இதயம் நிற்பது ஆக்சிஜன் இல்லாமையால் என்பதால், இங்கே மார்பை அழுத்துவது மட்டும் போதாது; முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். ஐரோப்பிய வழிகாட்டி ஐந்து மூச்சுகளில் தொடங்கச் சொல்கிறது. தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயல்வதும் நேரத்தை வீணாக்கி, வாந்தியை நுரையீரலுக்குள் அனுப்பும். மீண்டு வந்த பிள்ளைக்கு இருமல் நிற்காமலோ, மூச்சு வேகமாகவோ, மயக்கமாகவோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வலிப்பு நோயுள்ள பிள்ளைக்கு, எந்த வயதானாலும் எவ்வளவு நன்றாக நீந்தினாலும், தனியாக ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும்.

இரண்டு வயதுக் குழந்தையும் எட்டு வயதுப் பிள்ளையும் பதினான்கு வயதினரும் ஒரே வீட்டில் இருந்தால், முதல் செலவு கதவுக்கும் தாழ்ப்பாளுக்கும், இரண்டாவது எட்டு வயதின் வகுப்புக்கும், மூன்றாவது மூத்த பிள்ளையின் முதலுதவிப் பயிற்சிக்கும் போகட்டும். மூத்த பிள்ளைக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று கடைக்குட்டியைக் கண்காணிக்கும் பொறுப்பை மட்டும் அங்கே தள்ளிவிடாதீர்கள். நண்பர்கள் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் வயது அது. அந்த இடத்தில் ஒரு பெரியவர் காலை நனைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.